இலவச வைத்தியமும் நாட்டின் செலவும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. இச்சிறு வாக்கியத்திலே நோயும் செல்வமும் அருகருகே வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. நோய் வந்தால் செல்வம் கரையும்; செல்வம் இல்லையேல் நோய் தீராது. குடும்பம் ஒன்றுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடு ஒன்றுக்கும் பொருந்தும். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒருவரையும் சேர்க்கவேண்டியிருக்கின்றது. அவரே பணம் கொடுப்பவர்.

அந்த ஐந்தாமவர் யார்? நோயாளியா, முதலாளியா, அரசாங்கமா? வைத்தியத்தை இலவசமாக்கினால் மக்கள் தேவையின்றியும் ஆஸ்பத்திரியை நாடுவர், நாட்டின் பொக்கிஷம் காலியாகும் என்று அஞ்சுவோர் எக்காலத்திலும் உளர். அவ்வச்சம் எவ்வளவு தூரம் மெய்யானது? நமது நாட்டின் சரித்திரமே இதற்கு விடை கூறுகின்றது. அவ்விடையின் சில பக்கங்கள் நமது மாத்தளை மாவட்டத்திலேயே எழுதப்பட்டன. ஆகவே அவற்றை இம்மலர் வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

வடபாதையும் தோட்டச் சட்டங்களும்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இங்கு மேனாட்டு வைத்தியம் பெரும்பாலும் படைவீரர்க்கே உரியதாயிருந்தது. 1858இலே குடிமக்களுக்கென வைத்தியப் பகுதி தனியாக அமைக்கப்பட்டது. 1870இல் கொழும்பு வைத்தியப் பாடசாலை தொடங்கியது. அதற்கு முன்பே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழ் மொழியிலேயே வைத்தியம் கற்பித்தார். தன் மொழியிற் படித்து, தன் ஊரிலேயே தொழில் செய்யும் வைத்தியன் நாட்டுக்குக் குறைந்த செலவிற் கிடைப்பவன் என்பதை அவர் அன்றே செய்துகாட்டினார் எனலாம்.

மலைநாட்டின் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். அவ்வடபாதையிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் எத்தனையோ பேர். பாதையோரத்து மரணங்கள் பெருகவே, 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் கவனிக்க ஒரு சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. தொழிலாளரின் வைத்தியச் செலவு தோட்ட முதலாளிமாரைச் சேரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1880களில் அச்செலவுக்காகத் தோட்ட விளைபொருள் ஏற்றுமதியில் தீர்வை அறவிடப்பட்டது. 1912இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடே. ஆனால் செலவு செய்பவருக்கு அச்செலவைச் சுருக்குவதிலேயே இலாபம் இருந்தது. கோப்பி நோயினால் தோட்டங்கள் அழிந்தபோது வைத்தியத்துக்கான வருமானமும் சுருங்கியது. நோய் கூடும் காலத்திற் பணம் குறையும் ஏற்பாடு எவ்வாறு நிலைக்கும்? ஐந்தாமவர் முதலாளியாயிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது முதற் சான்று.

1916: மாத்தளையிலே ஒரு சோதனை

நமது மாவட்டம் இச்சரித்திரத்திற் சிறப்பிடம் பெறுவது 1916ஆம் ஆண்டிலேயே. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியம் இலங்கையில் நடத்திய கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களிலே தொடங்கியது. இப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலிற் புகுந்து, குடலிலே தங்கி, இரத்தத்தை உறிஞ்சுவது. சோதிக்கப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலானோர் வயிற்றிலே அது குடியிருந்தது. இரத்தம் வற்றியவன் எப்படி மலையேறிக் கூடை நிரப்புவான்? சோம்பேறி என்று வசைகேட்ட பலர் உண்மையில் நோயாளிகளே.

மருந்து கொடுக்கப்பட்டது, புழு இறந்தது, உடல் தேறியது. ஆயினும் சில மாதங்களில் அதே மனிதருக்கு மீண்டும் அதே நோய். காரணம் எளிது. லயங்களிலே மலசலகூடம் இல்லை. மண் அசுத்தமாகவே இருந்தது. கால்கள் வெறுங்காலாகவே இருந்தன. மலசலகூடம் கட்டுவதோ முதலாளியின் செலவு. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான் அந்த வைத்தியம் அமைந்தது.

நோயைக் குணப்படுத்துவதற்கு மாத்திரம் செய்யப்படும் செலவு ஆண்டுதோறும் திரும்பி வரும். நோயைத் தடுப்பதற்குச் செய்யப்படும் செலவு காலப்போக்கிற் குறையும். மாத்தளை மண் கற்பித்த இப்பாடம் பின்னர் நாடு முழுவதற்கும் பயன்பட்டது. 1926இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. குடிநீர், மலசலகூடம், அம்மைப்பால், கருப்பிணித் தாய்மார் பராமரிப்பு ஆகியவற்றை ஒரே குழுவினர் வீடு வீடாகச் சென்று கவனித்தனர். இன்றும் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வந்து கர்ப்பிணிகளை விசாரித்துச் செல்லும் குடும்ப நல மருத்துவமாது அந்தப் பரம்பரையில் வந்தவரே.

மலேரியாவும் வாக்குச் சீட்டும்

1931இலே டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழியுமுன் பெருந்துன்பம் வந்தது. 1934இல் மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இலும் மலேரியாவுக்குப் பலியானோர் சுமார் 80,000 பேர். 1935இற் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 263 முதலாண்டு நிறையுமுன் இறந்தன. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இளைஞர்கள் கிராமந்தோறும் சென்று மருந்தும் உணவும் வழங்கினர்.

வாக்குரிமை இல்லாத நாட்டில் இத்தகைய துன்பம் ஓர் அறிக்கையுடன் முடிந்திருக்கக்கூடும். ஆனால் இங்கே அரசாங்க சபை அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் தொகுதி மக்களுக்கு முகங்கொடுக்கவேண்டியவராயினர். "எங்கள் ஊருக்கு ஒரு டிஸ்பென்சரி, எங்கள் பகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி" என்னும் குரல் சபையிலே ஒலித்தது. கிராமங்கள் வரை ஆஸ்பத்திரிகள் பரவின. 1940களின் நடுவில் டீ.டீ.ரீ. தெளிப்பும் சேர்ந்துகொண்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த மரண விகிதம் அடுத்த ஆண்டே 14 ஆக இறங்கியது. இதற்கு டீ.டீ.ரீ. மாத்திரமே காரணமா, ஆஸ்பத்திரிகளும் உணவுப் பங்கீடும் காரணமா என்பது பற்றி அறிஞர் இன்றும் வாதாடுகின்றனர். பல கைகள் சேர்ந்து தூக்கிய பாரம் அது என்பதே நம் எண்ணம்.

1951: இரு நாடுகள், இரு வழிகள்

1951ஆம் ஆண்டு விசித்திரமானது. 1948இல் முற்றிலும் இலவசமான தேசிய சுகாதார சேவையை ஆரம்பித்த பிரித்தானியா, செலவுக்கு அஞ்சி, மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் அவ்வாண்டிலே கட்டணம் விதித்தது. அச்சேவையை உருவாக்கிய அனியூரின் பெவான் அதனைக் கண்டித்து மந்திரிப் பதவியைத் துறந்தார். அதே 1951இல், புதிதாகச் சுதந்திரம் பெற்ற வறிய இலங்கை, அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணத்தை நீக்கியது. கட்டண வார்டுகள் மாத்திரம் விலக்கு. அவுஸ்திரேலியாவின் டாக்டர் கம்ப்ஸ்ரன் 1950இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1952இல் சுகாதார சேவைகள் சட்டம் நிறைவேறியது. நோய் தீர்க்கும் பகுதியும் நோய் தடுக்கும் பகுதியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்தன.

பிரித்தானியாவின் அச்சம் மெய்யாயிற்றா? 1956இல் கில்பாட் குழு கணக்குப் பார்த்தபோது, அச்சேவைக்குச் சென்ற பங்கு தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 3.75இலிருந்து 3.25 ஆகக் குறைந்திருந்தமை புலனாயிற்று. நாட்டின் வருமானம் வளர்ந்த வேகத்துக்குச் சேவையின் செலவு வளரவில்லை. இலங்கையிலோ 1950களிலும் 60களிலும் அரசாங்கம் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 2 அளவிலேயே நின்றது. பின்னர் அதனினும் குறைந்த ஆண்டுகளும் உண்டு.

செலவு பெருகாத காரணங்கள்

இது எவ்வாறு இயன்றது? காரணங்கள் சில உள.

முதலாவது, வைத்தியருக்கு மாதச் சம்பளம். நோயாளர் பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் சம்பளம் ஒன்றே. ஆகவே தேவையற்ற சிகிச்சை செய்து வருவாய் பெருக்கும் ஆசைக்கு அங்கு இடமில்லை. இரண்டாவது, ஆண்டு ஒதுக்கீடு. பாராளுமன்றம் அனுமதித்த தொகைக்கு மேல் ஆஸ்பத்திரி செலவிட இயலாது. மூன்றாவது, தாதிமார், மருத்துவமாதர், அப்போத்திக்கரிமார் ஆகியோரைக் கொண்டு பெருவேலை நடத்தியமை. நான்காவது, ஆஸ்பத்திரி அருகில் இருந்தமையால் நோய் முற்றுமுன் மக்கள் வந்தமை. ஐந்தாவது காரணம் சற்றுக் கசப்பானது. அரசாங்க ஆஸ்பத்திரியிலே சிகிச்சை உண்டு, வசதி இல்லை. ஒரு கட்டிலில் இருவர், கட்டிலின் கீழ்ப் பாயில் ஒருவர் என்னும் காட்சியைக் காணாதவர் நம்மில் யார்? கையிற் பணமுள்ளவர் தாமாகவே தனியார் வைத்தியரிடம் செல்ல, பொதுப் பணம் ஏழைகளைச் சென்றடைந்தது.

இதற்கு எதிர்மாறான வழியிற் சென்றது அமெரிக்கா. 1965இல் முதியோருக்கென மெடிக்கெயார் என்னும் காப்புறுதியை அந்நாடு ஏற்படுத்தியது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் ஆஸ்பத்திரி செய்த செலவைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதிகம் செலவிட்டவருக்கு அதிகம் கிடைத்தால் யார் தான் சிக்கனம் பேணுவர்? 1983இல், இன்ன நோய்க்கு இவ்வளவே என்று தொகையை முன்னதாக வரையறுக்கும் முறைக்கு மாறினர். ஆயினும் 1960இல் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 5 ஆக இருந்த மொத்த வைத்தியச் செலவு இன்று 17ஐயும் தாண்டிவிட்டது. இலங்கையில் அரசும் மக்களும் சேர்ந்து செலவிடுவது நூற்றுக்கு 4 அளவே. அப்படியிருந்தும் நமது சராசரி ஆயுள் 75 ஆண்டுக்கு மேல். எனவே செலவைப் பெருக்குவதும் சுருக்குவதும் வைத்தியம் இலவசமா இல்லையா என்பதில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. பணம் எவ்வழியாகப் பாய்கின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இருபத்தைந்து சதமும் மருந்துப் பட்டியலும்

1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியது. செலவைக் குறைக்க இரு வழிகள் முயலப்பட்டன. அவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும்.

முதல் வழி, வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிடுவது. 1971இல் அது நடைமுறைக்கு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் மலேரியாக் கிராமங்களிலே தொண்டு செய்த என். எம். பெரேராவே அப்போது நிதி மந்திரி என்பது சரித்திரத்தின் விந்தை. 25 சதம் அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் ஆஸ்பத்திரிக்கு வந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. வராதவர் நோயற்றவர் அல்லர், காசற்றவர். 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது.

இரண்டாம் வழியைக் காட்டியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. ஒரே மருந்து பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் விற்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. தனியார் சந்தைக்கென இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்து வகைகள் சுமார் 600 ஆகச் சுருக்கப்பட்டன. வர்த்தகப் பெயரால் அன்றி மருந்தின் இயற்பெயரால், உலகம் முழுவதும் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கினர். பிபிலே 1977இற் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது.

முதலாவது வழி நோயாளியைக் குறைத்தது. இரண்டாவது வழி மருந்தின் விலையைக் குறைத்தது. இரண்டையும் சிக்கனம் என்றே கணக்கேட்டில் எழுதலாம். ஆயினும் அறம் எது என்பதை வாசகர் அறிவர்.

சிக்கனத்தால் வந்த செலவு

தவறான சிக்கனத்துக்கும் நம் சரித்திரம் உதாரணம் தருகின்றது. 1963இல் நாடெங்கும் மலேரியா நோயாளர் 17 பேரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்றெண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது! நமது மாவட்டத்தின் வடபுறத்து உலர்ந்த நிலங்களைப் போன்ற பகுதிகளுக்குக் காய்ச்சல் மீண்டும் வந்தது. அதை அடக்கப் பின்னும் பல ஆண்டுகளின் உழைப்பும் பணமும் வேண்டியிருந்தன. 2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லை என்று கண்டு, 2016இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அத்தாட்சிப்படுத்தியது. வேலியைப் பிடுங்கி விறகாக்கியவன் பயிரை இழப்பான் என்பதை 1969 காட்டுகின்றது.

கணக்கில் வராதவர்கள்

இதுவரை நாட்டின் பெருமையைப் பேசினோம். மாத்தளை மாவட்டத்தில் வாழும் நாம் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது.

1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. வாக்குச் சீட்டினால் ஆஸ்பத்திரி வந்த நாட்டிலே வாக்குச் சீட்டு இல்லாதவருக்கு ஆஸ்பத்திரி எவ்வாறு வரும்? 1951இன் இலவச வைத்தியம் கிராமங்களின் வாயிலுக்கு வந்தது. லயத்தின் வாயிலில் நின்றது பழைய தோட்ட டிஸ்பென்சரியே. பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர்கூட இல்லாத தோட்டங்கள் பல. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிலே குழந்தை மரண விகிதம் தேசிய விகிதத்திலும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சுகாதார நிலை மெல்ல மேம்பட்டது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே ஏற்பதென்று தீர்மானமாயிற்று. அது படிப்படியாகவும் அரைகுறையாகவுமே நடந்தது. 2003இன் சட்டத்துடன் நாடற்ற நிலை தீர்ந்தது. ஆயினும் எல்கடுவை, இறத்தோட்டை மலைகளில் வசிப்பவருக்கு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால், வைத்தியம் இலவசமேயன்றி வழிப் பயணம் இலவசமன்று. அன்றைய நாட்கூலியும் இழப்பே.

இலங்கை குறைந்த செலவிலே நல்ல சுகாதாரம் பெற்றது என்று உலக அறிஞர் வியந்து எழுதுவர். அது உண்மையே. ஆனால் அக்குறைந்த செலவின் ஒரு சிறு பகுதி, கணக்கில் சேர்க்கப்படாதவர்களின் துன்பத்திலிருந்து வந்தது என்பதும் உண்மையே. சிக்கனத்தைப் புகழுமுன், யாருடைய பங்கு சிக்கனமாக்கப்பட்டது என்று கேட்டல் வேண்டும்.

1977க்குப் பின்

1977இல் அரசாங்க வைத்தியர் கடமை நேரத்தின்பின் தனியாகத் தொழில் செய்ய அனுமதிக்கப்பட்டனர். "சனல்" என்னும் சொல் நம் பேச்சில் ஏறியது. அதன்பின் அரசாங்கச் செலவு பெரிதாக வளரவில்லை. மக்களின் மடிச் செலவு வளர்ந்தது. இன்று நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் ஏறத்தாழப் பாதி நோயாளிகளே கொடுப்பது. இரத்தப் பரிசோதனைக்கு வெளியே, ஸ்கானுக்கு வெளியே, கிடைக்காத மருந்துக்கு வெளியே என்று செல்லும் ஒவ்வொரு ரூபாவும் வரவுசெலவுத் திட்டத்தில் காணப்படாத வரியே ஆகும்.

நோய்களும் மாறிவிட்டன. வாந்திபேதி வந்தால் ஒரு வாரம். நீரிழிவு வந்தால் ஆயுள் முழுவதும். மூத்தோர் தொகை பெருகுகின்றது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டுச் சத்திரசிகிச்சைகள்கூடப் பின்போடப்பட்டதை நாம் யாவரும் கண்டோம். பெரும்பாலான மருந்தை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு பிபிலேயின் பாடத்தை மறத்தல் ஆகாது.

முடிவுரை

சுருங்கக் கூறின், சரித்திரம் நமக்கு மூன்று உண்மைகளைத் தருகின்றது. வைத்தியத்தை இலவசமாக்குதல் தன்னளவிற் பொக்கிஷத்தைக் காலியாக்குவதில்லை. தடுப்புக்கு மறுக்கப்படும் பணம் சிகிச்சைக்குப் பன்மடங்காகக் கொடுக்கப்படும். அரசின் கணக்கிலிருந்து நீக்கப்படும் செலவு மறைந்து போவதில்லை. ஏழையின் முடிச்சுக்கு இடம் மாறுகின்றது.

இவற்றுள் நாட்டின் நிதியை ஆள்வது நம் கையில் இல்லை. ஆயினும் வாலிபர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. நுளம்பு பெருகும் சிரட்டையும் ரயரும் அகற்றுவது செலவற்ற வைத்தியம். மருந்துப் பையில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்க இயலாத தோட்டத்து முதியவருக்கு அதைத் தமிழிலே விளக்கிச் சொல்வது, கிளினிக் நாளன்று அவருடன் துணை செல்வது, ஊசி போடும் தினத்தை லயந்தோறும் அறிவிப்பது, இவை யாவும் வள்ளுவர் கூறிய நான்காமவரின், அதாவது அருகிருந்து பணி செய்பவரின் கடமைகளே. பெரியோர்களும் தம் பங்காக, வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒரு வினாவை விடாது கேட்டல் வேண்டும்: "எங்கள் மலைக்கு வைத்தியர் எப்போது வருவார்?"

1931இன் பின் இந்நாட்டுக் கிராமங்கள் அவ்வினாவைக் கேட்டன, ஆஸ்பத்திரிகளைப் பெற்றன. நமது தோட்டங்களுக்கும் இன்று அவ்வுரிமை உண்டு. கேட்போமாக.